ஒரு லிட்டர் டீசலில் மூன்று காசு

ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பனிலும் மண்டபத்திலும் படகுக்கு டீசல் பிடிப்பவர்கள் கேட்கிற கேள்வி இது: "மீனவனுக்கு வரி இல்லாத டீசல் என்கிறார்கள், அப்புறம் ஏன் இவ்வளவு விலை?" நியாயமான கேள்வி. பதில் சொல்லப் போனால் கலால் வரி, செஸ், நிதிக்குழு என்று கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஒரே ஒரு லிட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம்.

டீசல் ஜிஎஸ்டிக்குள் வராத பொருள். அதனால் இரண்டு அரசுகளும் தனித்தனியாக அதன்மேல் வரி போடுகின்றன. தமிழ்நாடு அரசின் வரி வாட்: விலையில் 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9.62 ரூபாய். மீனவருக்குக் கிடைக்கிற விலக்கு இந்த வாட்டில் மட்டும்தான். அதற்கும் படகு பதிவாகியிருக்க வேண்டும், விசைப்படகுக்கு இவ்வளவு, நாட்டுப்படகுக்கு இவ்வளவு என்று வைத்த வரம்புக்குள் இருக்க வேண்டும், மீன்வளத் துறை அனுமதித்த பங்க்கில் பிடிக்க வேண்டும். வரம்பு தாண்டினால் ஊரில் எல்லோருக்கும் உள்ள விலைதான்.

ஒன்றிய அரசின் கலால் வரி மீனவருக்கென்று குறையாமல் அப்படியே விலையில் உட்கார்ந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் இரண்டு ரூபாய் ஏற்றியபோது அது லிட்டருக்கு 17.80 ரூபாய் ஆனது. அதை உடைத்துப் பார்க்க வேண்டும். அடிப்படைக் கலால் வரி 1.80, சிறப்புக் கூடுதல் கலால் வரி 10, விவசாய உள்கட்டமைப்பு செஸ் 4, சாலை உள்கட்டமைப்பு செஸ் 2. அரசியலமைப்பின் 270ஆம் பிரிவுப்படி ஒன்றிய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டியது வரியை மட்டும்தான். குறிப்பிட்ட செலவுக்கென்று வசூலிக்கும் செஸ்ஸும், வரியின்மேல் போடும் கூடுதல் வரியும் பங்குக்கு வராது. அந்த 17.80இல் பங்குக்கு வந்தது 1.80 ரூபாய் மட்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் படகுக்காரரும் ஆட்களும் பேசிய கணக்குப்படி பிரிப்பது நம் வழக்கம். ஒரு சம்மாட்டி, அதாவது படகுக்காரர், பங்கு விகிதத்தில் கை வைக்காமல், "இறால் மட்டும் என் தனிக்கணக்கு, அது பங்குக்கு வராது" என்று எடுத்து வைத்தால் என்ன ஆகும்? விகிதம் மாறியிருக்காது. ஆனால் பிரிக்கிற காசு சுருங்கிப் போயிருக்கும்.

சரி, அந்த 1.80 எங்கே போகிறது? ஒன்றிய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்வது நிதிக்குழு. 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குச் சொன்னபடி, பங்குக்கு வரும் வரியில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அது ஏறக்குறைய 74 காசு. அந்த 74 காசில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், மூன்று காசு வரும். ஒரு விசைப்படகு வருடத்துக்கு 18,000 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்தக் கணக்கில் அந்தப் படகிலிருந்து ஒன்றிய அரசுக்குப் போவது 3,20,400 ரூபாய். வரிப் பகிர்வு வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்புவது சுமார் 540 ரூபாய். இதே டீசலுக்குத் தன் வாட்டை முழுசாக விட்டுக்கொடுப்பதும் தமிழ்நாடுதான். ஒன்றிய கலால் வரியிலும் விலக்கு வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் வெகுகாலமாகக் கேட்டு வருகின்றன.

ஒன்று நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மீதிப் பணம் காணாமல் போவதில்லை. தேசிய நெடுஞ்சாலையாக, மீன்வளத் திட்டமாக அதில் ஒரு பகுதி இங்கேயும் வருகிறது. ஆனால் எதற்கு, எவ்வளவு என்று தீர்மானிப்பது டெல்லி. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா போன்ற திட்டங்களில் ஒன்றிய அரசு 60 போட்டால் மாநிலம் 40 போட வேண்டும். பங்காக வந்த பணத்தை மாநிலம் தன் தேவைக்குச் செலவழிக்கலாம், திட்டமாக வந்த பணத்தை அப்படிச் செலவழிக்க முடியாது.

தமிழ்நாட்டின் விகிதமே தேய்ந்து வந்ததுதான். 12வது நிதிக்குழுவில் 5.305, 13வதில் 4.969, 14வதில் 4.023. 15வது நிதிக்குழு தனிநபர் வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை கொடுத்தது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் பங்கு என்பதே அதன் பொருள். இதில் எனக்குக் கோபம் இல்லை. சென்னையும் கோவையும் கட்டுகிற வரியில்தான் வானம் பார்த்த ராமநாதபுரத்துக்குச் சாலையும் பள்ளியும் வருகின்றன. அதை வாங்கிக்கொண்டு, பீகாருக்குக் கொடுக்காதே என்று நாம் சொல்ல முடியாது. என் வழக்கு செஸ்ஸோடுதான். இல்லாதவருக்குக் கூடுதல் பங்கு போகட்டும், ஆனால் பங்குக்கு வர வேண்டியதை முதலில் பங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

டீசல் வாங்குகிற ஊர் மட்டுமல்ல இது, எரிவாயு எடுக்கிற ஊரும்கூட. காஞ்சிரங்குடி, பெரியபட்டினம் பக்கத்தில் ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பகுதியின் எரிவாயுவை நம்பித்தான் வழுதூரில் மின்வாரியம் எரிவாயு மின்நிலையம் வைத்தது. இந்த எரிவாயுவில் நமக்கு என்ன உரிமை?

கிணறு தரையில் இருந்தால் ராயல்டி, அதாவது எடுக்கிற எரிவாயுவுக்கு நிறுவனம் கட்டும் உரிமைத்தொகை, மாநில அரசுக்கு. எரிவாயுவுக்கு அது கிணற்று வாயிலில் உள்ள மதிப்பில் 10 சதவீதம். கடலுக்குள் இருந்தால் முழுவதும் ஒன்றிய அரசுக்கு. 297ஆம் பிரிவுப்படி கடலடியில் உள்ள கனிமம் ஒன்றிய அரசின் உடைமை, கரையை ஒட்டிய 12 கடல் மைலுக்குள் இருந்தாலும்கூட. அதே 12 மைலுக்குள் மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு. மேலே நீந்துகிற மீன் ஒரு அரசின் கணக்கில், அடியில் கிடக்கிற எண்ணெய் இன்னொரு அரசின் கணக்கில். எண்ணெய் கசிந்தால் இழப்பு மீனுக்கும் மீனவருக்கும், அவர்கள் நிவாரணம் கேட்டுப் போய் நிற்பது மாநிலத்திடம். கடல் கிணற்று ராயல்டியில் மாநிலத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

தரைக் கிணற்று ராயல்டியும் மாநிலத்தின் பொதுக் கருவூலத்துக்குத்தான் போகிறது, கிணறு இருக்கிற ஊராட்சிக்கு நேராக வராது. கிரானைட், சுண்ணாம்புக்கல் எடுக்கிற மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிடவே அந்தப் பணம். அது கனிமச் சட்டத்தின் கீழ் வருவது, அந்தச் சட்டத்தில் எண்ணெயும் எரிவாயுவும் சேரவில்லை. ஆகவே நம் கிணறுகளால் அந்த அறக்கட்டளைக்கு ஒன்றும் வராது. இந்த ஓட்டையைப் பற்றி நம் பகுதியில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இந்த நிலையில்தான் 2025இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும், மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. மக்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தார்கள் என்று பலரும் கேட்டார்கள். காரணம், 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு விதியை மாற்றி, ஆய்வுக் கிணறுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இப்படிப்பட்ட கிணறுகளைத் தடுக்கிறது, ஆனால் அது காவிரி டெல்டாவுக்கு. ராமநாதபுரம் அதில் இல்லை. கடலிலோ மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடல் பகுதி ஏலத்தில் வைக்கப்பட்டது, அதைக் கைவிடச் சொல்லி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 21 தீவுகளும் பவளப்பாறையும் உள்ள தேசியப் பூங்கா அந்த வளைகுடாவில்தான் இருக்கிறது. கடலடி விஷயத்தில் மாநிலத்தால் செய்ய முடிவது பெரும்பாலும் கடிதம் எழுதுவதுதான்.

நம்மால் என்ன முடியும்? ஆய்வு முடிந்து உற்பத்திக்குப் போக நினைத்தால் தனி அனுமதி வேண்டும், அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம். அதற்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் பேசுவது பதிவாகும், எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. அதுவரை கிராம சபையில் தீர்மானம் போட்டு வைக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் ஓஎன்ஜிசிக்கும் பொருந்தும். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். இப்படிக் கேளுங்கள்: "ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள கிணறுகளிலிருந்து கடந்த ஐந்து நிதியாண்டுகளில் எடுத்த எரிவாயு எவ்வளவு, தமிழ்நாடு அரசுக்குக் கட்டிய ராயல்டி எவ்வளவு, சமூகப் பொறுப்பு நிதியில் இந்த மாவட்டத்தில் எந்தெந்த ஊராட்சியில் எவ்வளவு செலவானது? ஆண்டுவாரியாகத் தரவும்."