முன்பின் தெரியாதவர்களோடு ஒரு வாரம் பாய்மரப் படகில்: தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு மனநல ஆலோசகர் சொல்ல விரும்புவது

லண்டனில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். கோடை நெருங்க நெருங்க, என்னிடம் வருகிறவர்களில் சிலராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "கிரீஸில் ஒரு வாரம் பாய்மரப் படகில் போகப் பணம் கட்டிவிட்டேன். தனியாகத்தான் போகிறேன். கூட வருகிறவர்கள் யாரென்றே தெரியாது. எனக்கு ஒத்துவருமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். மணமுறிவு ஆனவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் படிக்கப் போய்விட்ட வீட்டில் இருப்பவர்கள், வேலை வேலை என்று ஓடியதில் நண்பர்கள் நழுவிப் போனதை இப்போதுதான் கவனிப்பவர்கள்.

போங்கள் என்றுதான் சொல்வேன். மனசு சோர்ந்து கிடப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் விடுமுறைகளில் இது ஒன்று. ஆனால் படகில் நெருக்கம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. கரையில் மாதக்கணக்கில் நடப்பது அங்கே நாலைந்து நாளில் நடந்துவிடுகிறது. அந்த வேகம்தான் மருந்து, கவனமாக இருக்க வேண்டியதும் அந்த வேகத்திடம்தான். (இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் யாரும் தனி ஒரு ஆள் இல்லை. பலர் சொன்னதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

எப்படிப்பட்ட பயணம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரீஸின் மேற்குப் பக்கம் அயோனியன் கடல். லெஃப்கடா தீவின் படகுத்துறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏறினால், அடுத்த சனிக்கிழமை காலையில் அங்கேயே இறங்கலாம். 45 அடி நீளப் படகு, நான்கு கேபின், பயணிகள் ஆறேழு பேர், படகைப் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்கிப்பர். தனிக் கேபின் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம். இல்லையென்றால் ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று முகம் தெரியாத ஒருவரோடு கேபினைப் பகிர வேண்டும். மெகனிஸி, இத்தாக்காவின் கியோனி, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்தோ என்று ஒவ்வொரு இரவும் ஒரு துறை. கோடையில் அந்தப் பக்கம் காலையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல்தான் வடமேற்குக் காற்று எழும்பும். அதனால் பாய் விரித்து ஓட்டுவது நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் நீச்சல், சமையல், பேச்சு, தூக்கம். அத்தனையும் ஏறக்குறைய ஒரு பேருந்து நீளமுள்ள இடத்தில்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நட்பு உருவாகப் பிடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று மனசாரச் சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். லண்டனில் மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் காபிக்குச் சந்திக்கிற இருவர் அந்த 50 மணி நேரத்தைச் சேர்க்க இரண்டு வருடம் ஆகும். படகில் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் விழித்திருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், நான்காம் நாளே 50 மணி நேரம் கடந்துவிடும். இறங்கும்போது 90-ஐத் தொட்டிருப்பீர்கள். பெரியவர்களான பிறகு நட்பு கிடைக்கவில்லை என்று என்னிடம் வருந்துகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். அவர்களிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வருவார்கள். குறைந்திருப்பது பல நேரம் மணிக்கணக்குதான்.

நேரம் மட்டும் போதாது என்பதும் உண்மை. அலுவலகத்தில் வேறு வழியில்லாமல் பக்கத்து நாற்காலியில் கழியும் மணிகள் நட்பின் கணக்கில் அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. படகில் நடப்பது வேறு மாதிரி. அங்கே விருப்பப்பட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் கைகொடுத்துச் செய்யும் வேலை இருக்கிறது. காற்றை எதிர்த்துப் போகும்போது படகு திசை மாற வேண்டும். சுக்கான் பிடித்திருப்பவர் "ரெடியா?" என்று கேட்பார். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் "ரெடி" என்று குரல் கொடுத்த பிறகுதான் திருப்புவார். ஒருவர் ஒரு பக்கக் கயிற்றை விட, இன்னொருவர் மறுபக்கக் கயிற்றை இழுக்க, மூன்றாமவர் கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்ற வேண்டும். யாராவது ஒருவர் இரண்டு நொடி தாமதித்தால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். சாயங்காலம் துறையில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டும்போது, முன்னால் ஒருவர் நங்கூரச் சங்கிலியை இறக்குவார், பின்னால் இருவர் கயிறு வீசுவார்கள், பக்கத்துப் படகில் உரசாமல் இன்னும் இருவர் ரப்பர் மிதவையோடு நிற்பார்கள். பேர்கூடச் சரியாக மனதில் நிற்காத ஆட்கள் முதல் நாளே ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் எம்மா கோஹனும் சக ஆய்வாளர்களும் துடுப்புப் படகு வீரர்களை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடற்பயிற்சிக் கருவியில் தனியாகத் துடுப்புப் போட்டபோதும், அதே அளவு உழைப்பைச் சேர்ந்து ஒரே தாளத்தில் போட்டபோதும், வலி தாங்கும் சக்தியை அளந்தார்கள். சேர்ந்து போட்டபோது அது கூடுதலாக இருந்தது. வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. துடுப்புப் போடுவது வேறு, பாய் இழுப்பது வேறுதான். ஆனாலும் சேர்ந்து ஒரு காரியத்தை முடித்ததும் முகங்களில் தெரியும் அந்த மலர்ச்சிக்கு உடம்பிலும் வேர் இருக்கிறது என்று புரிந்துகொள்ள இது உதவும்.

பேச்சு வராதவர்களுக்குப் படகு ஏற்ற இடம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். மனைவியை இழந்த ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். விருந்துகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "என்ன செய்கிறீர்கள், எத்தனை பிள்ளைகள்" என்று நாலு கேள்வி தாண்டினால் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டுமே என்ற பயம். படகில் யாரும் அவரைக் குடையவில்லை. கயிறுகளை ஒழுங்காகச் சுருட்டி வைப்பது தானாக அவர் வேலையாயிற்று. மூன்றாம் நாள் ஒரு இளம்பெண் தனக்கும் அந்தச் சுருட்டலைக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். கற்றுக்கொடுத்தபடியே, கேட்காமலேயே, மனைவியைப் பற்றிப் பேசினாராம். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சிரமப்படுகிற ஆண்களுக்கு, பக்கத்தில் நின்று கையில் வேலையோடு பேசுவது சுலபமாக இருக்கிறது. என் ஆலோசனை அறையில் என்னால் கொடுக்க முடியாத ஒன்று அது.

நெருக்கமான இடத்தில் ஆட்களை அடைத்தால் அடித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1973-இல் மானுடவியலாளர் சான்டியாகோ ஜெனோவெஸ் இதைச் சோதிக்கவே அக்காலி என்ற மிதவையில் கேனரித் தீவுகளிலிருந்து மெக்சிகோவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்தார். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர், வெவ்வேறு நாடு, வெவ்வேறு மதம், 101 நாள். மோதல் வெடிக்கும் என்று எதிர்பார்த்தார், தூண்டிவிடவும் பார்த்தார். அவர் எதிர்பார்த்த வன்முறை நடக்கவில்லை. கூட வந்தவர்கள் தங்களுக்குள் ஒன்றானார்கள். அவர்களுடைய கோபமெல்லாம் கடைசியில் தூண்டிவிட்டவர் மேல்தான் திரும்பியது. ஒரு மிதவையை வைத்துப் பெரிய விதி எதையும் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பயந்துபோய் வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுண்டு.

உரசல் வரும்போது சின்ன விஷயங்களில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி. முதல் நாட்களின் மரியாதை தேய்ந்திருக்கும், கேபின் புழுக்கத்தில் தூக்கம் கெட்டிருக்கும். தொட்டியில் இருக்கும் சில நூறு லிட்டர் தண்ணீர்தான் எல்லோருக்கும். ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுத் தலைக்குக் குளித்தால் மற்றவர்கள் முகம் மாறும். கழிவறையில் காகிதத்தைப் போட்டு அடைத்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி இல்லை. குறட்டை இருக்கிறது. பொதுப்பணம் இருக்கிறது: சாப்பாட்டுக்கும் துறைக் கட்டணத்துக்கும் எல்லோரும் சமமாகப் போடுவார்கள், அதில் மதுவும் வாங்குவார்கள். குடிக்காதவர், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர், முதல் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு நான்காம் நாள் குமுறுவார். நம் ஆட்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். பணத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். முதல் நாள் சாயங்காலம், பணம் சேர்க்கும்போதே, "மதுவுக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அது சாதாரணக் கேள்வி. நான்காம் நாள் கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

மூன்றாம் நாள் எரிச்சலை வைத்து யாரைப் பற்றியும் முடிவு கட்டாதீர்கள், உங்களைப் பற்றியும்தான். "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று அன்றைக்குத் தோன்றும். எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாகப் பேசிப் பழகியவர்கள் தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். விடுதி அறையைப் பகிர்ந்த மாணவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்தது. கேபின் தோழரைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அதே இரவில் அவரும் உங்களைப் பற்றி அதே கவலையோடு படுத்திருக்கலாம்.

இனி, நான் அதிகம் எச்சரிக்கும் விஷயம். இரவுப் பேச்சு. சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, ஒயினோடு மேல்தளத்தில் உட்காரும்போது மனசு திறந்துகொள்ளும். இனிமேல் பார்க்கப் போகாத அந்நியரிடம் ரகசியம் சொல்வது மனித இயல்பு. சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறோம், அடுத்த நிலையத்தில் அவர் இறங்கிவிடுகிறார். படகில் யாரும் இறங்குவதில்லை. காலையில் அதே முகங்களோடுதான் காபி குடிக்க வேண்டும். ஒரு பெண் இரண்டாம் இரவே தன் திருமணத்தில் நடந்த வன்முறையை முழுவதுமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மற்றவர்கள் வழக்கத்தைவிட மெல்லப் பேசினார்கள். மரியாதையாகத்தான். அவருக்கோ எல்லோரும் தன்னை எடைபோடுகிறார்கள் என்று பட்டது. மீதி நாட்களைக் கேபினிலேயே கழித்துவிட்டு வந்தார்.

ஆர்தர் ஆரன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் 36 கேள்விகள் மூலம் முக்கால் மணி நேரத்தில் நெருக்கத்தை உணர்ந்தார்கள். அந்தக் கேள்விகள் லேசான விஷயங்களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஆழமாகும். இரண்டு பேரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் முக்கியம். ஒருவரே ஒரே மூச்சில் அடிவரை இறங்கிவிட்டால் கேட்பவர் திகைத்துப் போவார், சொன்னவர் வெறுங்கையோடு நிற்பார். அதனால் கிளம்புவதற்கு முன்பே, எந்த விஷயத்தை இந்த வாரம் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு போங்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால், பகலில், குடிக்காமல், ஒருவரிடம் மட்டும். கேட்டவராக நீங்கள் இருந்தால் மறுநாள் காலை அவரிடம் எப்போதும்போல் பேசுங்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். "நேற்று நீ சொன்னது என்னோடு இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை போதும்.

ஈர்ப்பும் வரும். பலத்த காற்றில் படகு சாய்ந்து, நெஞ்சு படபடக்க ஓட்டிய பிறகு பக்கத்தில் நின்றவர் அழகாகத் தெரிவார். அதில் தவறொன்றும் இல்லை. பெரிய முடிவுகளை மட்டும் ஊர் திரும்பிய பிறகு எடுங்கள். ஆனால் யாராவது எல்லை மீறினால், "பயணம் கெட்டுப்போகுமே" என்று பொறுத்துப் போகாதீர்கள். அன்றைக்கே ஸ்கிப்பரிடம் சொல்லுங்கள், கேபினை மாற்றித் தரச் சொல்லுங்கள். அயோனியன் பயணங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் படகு ஒரு ஊரில்தான் நிற்கிறது. இறங்கிவிடுவதும் உங்கள் உரிமை.

மருந்து எடுத்துக்கொள்பவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கத் தரும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம். வெயிலில் வியர்த்தோ வாந்தி எடுத்தோ உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். படகு ஆட்டத்தில் வரும் குமட்டலுக்குத் தரும் மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைப்பவை, மதுவோ வேறு மருந்தோ சேர்ந்தால் அது கூடும். குமட்டினால் உள்ளே போய்ப் படுக்காமல், மேலே காற்றில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைப் பிடிக்கக் கொடுத்தால் இன்னும் நல்லது. குடியை விட்டு மீண்டு கொண்டிருப்பவர்களிடம் இந்த வருடம் வேண்டாம் என்பேன். சாயங்காலமானால் மது இல்லாத படகு அரிது, விலகிப் போக இடமும் இல்லை.

திரும்பி வந்த வாரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குழுவில் படங்கள் குவியும், அடுத்த வருடமும் இதே ஆட்கள் என்று சத்தியம் செய்வார்கள், மூன்று வாரத்தில் அமைதியாகிவிடும். அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நெருக்கம் உண்மைதான், படகும் வேலையும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தன, இப்போது அவை இல்லை. ஏழு பேரையும் கட்டிக்காக்கப் பார்க்காமல் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்துக்குள் நேரில் சந்தியுங்கள். வெறும் பேச்சுக்கு என்று இல்லாமல் நடைப்பயணம், சமையல் என்று சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். வீட்டுக்கு வந்த வெறுமை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் உங்கள் மருத்துவரையோ எங்களைப் போன்ற ஒருவரையோ பாருங்கள். வரும்போது படகில் எந்த நேரங்களில் மனசு லேசாக இருந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். காலைச் சமையலா, சேர்ந்து கயிறு இழுத்ததா, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதா என்று தெரிந்தால், அதை உங்கள் ஊரில் எங்கே தேடலாம் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க முடியும்.