ஊரில் நடந்தார், மதுரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்

"ஊர்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு டாக்டர். இங்க கூட்டிட்டு வந்த பிறகுதான் சுகர் ஏறிப்போச்சு." உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கமிருந்து அப்பா அம்மாவை மதுரைக்கு அழைத்து வந்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. விசாரித்தால், சாப்பாடு பெரிதாக மாறியிருக்காது, மாத்திரையும் அதேதான்.

ஊரில் யாரும் 'வாக்கிங்' போவதில்லை. தோட்டத்துக்குப் போவார், கண்மாய்க்கரையில் மாட்டை மேயவிடுவார், டீக்கடையில் போய் ஊர்க்கதை பேசுவார். எல்லாம் நடைதான், எல்லாம் வெளிச்சத்தில்தான். மூன்றாவது மாடி வீட்டில் அவருக்குப் போக இடமும் இல்லை, காரணமும் இல்லை. என்னைக் கேட்டால், காரணம் இல்லாததுதான் பெரிய குறை. "நடங்கய்யா" என்றால், "எதுக்குத் தம்பி?" என்கிறார். நியாயமான கேள்வி.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைகள். உட்கார்ந்தே இருந்தால் வயதானவர்களுக்குத் தொடைத் தசை வேகமாகக் கரையும். சர்க்கரை ஏறும், படியேறத் தயக்கம் வரும், தயக்கத்தால் இன்னும் உட்காருவார். பகல் வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் இரவுத் தூக்கமும் கெடும். அதற்குத் தூக்க மாத்திரை கேட்டு வருகிறார்கள்!

வைட்டமின் டி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. காலை ஆறரை மணி வெயிலில் நின்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வெயில் தூக்கத்துக்கு நல்லது. வைட்டமின் டி அதில் அதிகம் கிடைக்காது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது, அதற்குத் தேவையான புற ஊதா பி கதிர் பெரும்பாலும் காற்றுமண்டலத்திலேயே தங்கிவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. மதுரையில் அது ஏறக்குறைய ஒன்பதரை மணிக்குத் தொடங்கும். கை, கால் தெரியக் கொஞ்ச நேரம் நின்றாலே பலன் உண்டு. சித்திரை, வைகாசியில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காய்வதில் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வயதான தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்கும் திறனும் குறைவு. ஆகவே சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும்.

சரி, எங்கே போவது? வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரேஸ்கோர்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போங்கள்: சமணர் மலை, அடிவாரத்தில் ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக்குளம். ஊர்க்காரர் அங்கே வந்ததும் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார்.

வாரநாட்களில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பால் வாங்குவது, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது, மொட்டைமாடித் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்" என்று பாசத்தோடு சொல்லி நாமே அவர்களை முடக்கிவிடுகிறோம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினம் இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக்குப்பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் சரி.

தாத்தாவோடு பேரனும் வெளியே போகட்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான். வெளியே மரநிழலில்கூட அதைப்போலப் பல மடங்கு. தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. தைவானில் 2010 முதல் பள்ளிகளிலேயே இதை வலியுறுத்துகிறார்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், எழுந்ததும் கிறுகிறுப்பு, முட்டியில் வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், செருப்பில்லாமல் நடக்கவே கூடாது.