பயோபேங்க்னா உயிர் வங்கியா?

சூடான் போர்ல கார்ட்டூம் மைசிட்டோமா (பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து பெரும்பாலும் காலை அரிக்கிற நோய்) ஆராய்ச்சி மையமும், ஆராய்ச்சிக்காக நோயாளிங்க சாம்பிள சேத்து வச்சிருந்த அதோட பயோபேங்க்கும் நாசமானதப் பத்தி பேச்சு வந்தா உடனே "உயிர் வங்கி அழிஞ்சுது"ங்கறாங்க. எத்தன தடவதான் கேக்குறது. சித்திரகுப்தன் நடத்துன பிராஞ்ச் எதையோ இழுத்து மூடிட்டாங்க போலருக்கு!

பயோ கிரேக்கம், உயிர்னு அர்த்தம். பேங்க், இத்தாலில காசு மாத்துறவங்க போட்டுக்கிட்ட பெஞ்சு. அவ்ளோதான் கதை. ரெண்டையும் அகராதில தனித்தனியா தேடி ஒட்டிட்டா உயிர் வங்கி ரெடி. ஆனா அங்க இருக்கறது உயிரா? ரத்தம், சீரம், அறுத்தெடுத்த சதைத் துணுக்கு, கூடவே யாருக்கு எப்ப எடுத்ததுங்கற பதிவு.

"உயிரி வங்கி" பரவால்ல, உயிரி உரம், உயிரி எரிபொருள்னு காது பழகிடுச்சு. எனக்கு இடிக்கிறது வங்கிதான். ரத்த வங்கின்னா சரி, இன்னிக்கு எடுத்தா நாளைக்கு வேற ஒருத்தர் வந்து குடுப்பாரு. இங்க அப்படியா? ஆப்பிரிக்க தூக்க நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் சேத்த சாம்பிள் பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருக்கு, 2018லேர்ந்து வருஷத்துக்கு 1000 பேருக்கும் கம்மியாத்தான் அந்த நோய் கண்டுபிடிக்கிறாங்க, அதனால புது டெஸ்ட் கிட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கணும்னா அந்தக் குட்டிக் குழாய்ங்கதான் கதி, தீந்தா தீந்ததுதான். லாபம் வராத நோய்க்கு எந்த கம்பெனி மறுபடி கிராமம் கிராமமா அலையும்?

மைசிட்டோமாவும் அதே கேஸ்தான் (நம்ம மதுரை பேர்லதான் "மதுரா ஃபுட்"னு இதுக்குப் பேரு, இத உண்டாக்குற முக்கியமான பூஞ்சை பேரே மதுரெல்லாதான்). போனது 40 வருஷத்துக்கும் மேல சேத்ததுன்னு மையத்தோட தலைவர் அஹமது ஃபஹலே சொன்னாரு. அத வங்கின்னு சொன்னா, மறுபடி போட்டு நிரப்பிக்கலாம்னுதான படிக்கிறவனுக்குத் தோணும்?

என் ஓட்டு "உயிர்மாதிரி வைப்பகம்". காப்பகம் வேணாம், முதியோர் இல்லம் ஞாபகம் வருது. வைப்பகத்த பேங்க்குக்குன்னு தனித்தமிழ்க்காரங்க உண்டாக்கி வச்சு, பணம் போட ஆள் வராம சும்மாத்தான் கெடக்கு, இங்க வேலை குடுக்கலாம். மாதிரின்னா "போல"ன்னு ஆயிடுமேன்னா, சளி மாதிரி, ரத்த மாதிரின்னு கொரோனா டைம்லயே எல்லாருக்கும் பழகியாச்சு.

நீளமா இருக்கா? பயோபேங்க்னே எழுதுங்க, லேப்ல அப்படித்தான் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. உயிர் வங்கி மட்டும் வேணாம்.