ரீசைக்கிள் ஆயிலை இன்ஜினில் ஊற்றலாமா?

"அண்ணே, ரீசைக்கிள் ஆயில் ஊத்தினா இன்ஜின் சீஸ் ஆயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?" அம்பத்தூர் பக்கம் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் என்னிடம் ஆட்டோக்காரர்களும் கார் வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்பது இது. வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை முறையாக மறுசுத்திகரிப்பு செய்து எடுத்தால், அது புது ஆயிலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் பேரலிலிருந்து அளந்து ஊற்றுகிறார்களே, அந்த மலிவு ஆயில் அது இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நல்லதைக் கண்டு பயப்படுகிறோம், கெட்டதைத் துணிந்து ஊற்றுகிறோம்.

இன்ஜின் ஆயிலில் முக்கால் பங்குக்கு மேல் பேஸ் ஆயில், அதாவது அடிப்படை எண்ணெய்; மீதி அடிட்டிவ், அதாவது அதன் தரத்தைக் கூட்டக் கலக்கும் ரசாயனங்கள். ஓடஓடத் தீர்ந்துபோவது அடிட்டிவ்தான். கூடவே கரி, பெட்ரோல் அல்லது டீசல், தண்ணீர், அமிலம், உலோகத் துகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பேஸ் ஆயிலில் ஒரு பகுதி சூட்டில் கெட்டாலும் பெரும்பகுதி நன்றாகவே இருக்கும். ஆயில் கறுத்துவிட்டதே என்று சிலர் பதறுகிறார்கள். கரியை ஓரிடத்தில் படியவிடாமல் ஆயில் தன்னோடு சுமந்து வருகிறது என்பதற்கு அந்தக் கறுப்பு ஓர் அடையாளம். அதை மட்டும் வைத்து ஆயில் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மறுசுத்திகரிப்பு ஆலையில் முதலில் தண்ணீரையும் எரிபொருளையும் சூடாக்கிப் பிரிக்கிறார்கள். அப்புறம் வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் ஆயிலை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேற்றினால் அது சிதைந்துவிடும். வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். கரி, உலோகம், பழைய அடிட்டிவ் எல்லாம் அடியில் தார்போலத் தங்கிவிடும். நல்ல ஆலைகளில் வடித்ததை மேலும் ஹைட்ரஜன் செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பேஸ் ஆயில் எடுக்கும்போதும் வெற்றிடத்தில்தான் வடிக்கிறார்கள். நூறு லிட்டர் பழைய ஆயில் போட்டால் ஏறக்குறைய 60, 70 லிட்டர் பேஸ் ஆயில் திரும்பக் கிடைக்கும். அதில் புது அடிட்டிவ் கலந்தால் இன்ஜின் ஆயில் தயார். அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் தரும் ஏபிஐ தரச்சான்றுக்குப் புது ஆயிலுக்கும் இதற்கும் ஒரே அளவுகோல்தான். மறுசுத்திகரித்தது என்பதற்காகத் தளர்த்துவதும் கிடையாது, கடுமையாக்குவதும் கிடையாது. அமெரிக்க அஞ்சல் துறை வண்டிகளிலேயே இந்த ஆயில் ஓடியிருக்கிறது.

இனி பேரலிலிருந்து அளந்து விற்கும் அந்த லூஸ் ஆயிலுக்கு வருகிறேன். பழைய ஆயிலைத் துணியிலோ ஃபில்டரிலோ வடிகட்டி, களிமண் போட்டு நிறத்தை வெளுத்தால் பார்க்கப் பொன்னிறமாகவே இருக்கும். ஆனால் கரித்துகள் ஒரு மைக்ரானை விடச் சிறியது, வடிகட்டியில் நிற்காது. கரைந்திருக்கும் பெட்ரோலும் அமிலமும் எந்த வடிகட்டியிலும் நிற்காது. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளித்ததுபோல் சடசடக்கும். சடசடக்கவில்லை என்பதற்காக நல்ல ஆயில் என்றும் ஆகிவிடாது.

லூஸ் ஆயிலையே தவறாமல் மாற்றிவந்த ஒரு ஷேர் ஆட்டோவின் இன்ஜினைப் பிரித்தோம். ஹெட் கவரைத் தூக்கியதும் உள்ளே கறுப்பு ஜெல்லி. ஆயில் பம்ப் ஸ்ட்ரெய்னரில் பாதிக்கு மேல் அடைப்பு. கேம்ஷாஃப்ட் மேடுகளில் நகத்தால் தடவினாலே கோடு தட்டுப்பட்டது. ஆயிலில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு அந்த ஒரே வேலைக்குச் செலவானது. சொந்த வண்டியை நம்பிப் பிழைக்கிற மனிதருக்கு இப்படி நடந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாங்கும்போது கேனில் இருக்கும், ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் கிரேடையும் ஏபிஐ வகையையும் வண்டியின் மேனுவலோடு ஒப்பிடுங்கள். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது என்பதால் ஜாஸோ என்ற ஜப்பானியத் தர அளவில் எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும். பிஎஸ்-6 டீசல் கார்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாம்பல் அதிகம் தரும் ஆயில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பை அடைத்துவிடும்; அதை மாற்றுவது சின்னச் செலவில்லை. இவ்வளவும் சரியாக இருந்தால், கேனில் 'மறுசுத்திகரித்தது' என்று போட்டிருந்தாலும் தைரியமாக ஊற்றுங்கள். என் சொந்த வண்டிக்கும் தயங்காமல் ஊற்றுவேன்.

வண்டியிலிருந்து இறக்கிய ஆயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சென்டரிங் பலகையில் பூசுகிறார்கள், பாய்லரில் எரிக்கிறார்கள். கரையானுக்கு மரத்தில் அடிப்பவர்களும் உண்டு. சாக்கடையில் கொட்டினால் நேரே கூவம்தான், இல்லாவிட்டால் பக்கிங்ஹாம் கால்வாய். சட்டப்படி இது அபாயகரக் கழிவு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். 2023-இல் விதிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் தெருமுனை மெக்கானிக் கடையில் பேரலுக்குக் கூடுதல் காசு கொடுப்பவருக்குத்தான் ஆயில் போகிறது. நல்ல ஆலைக்குப் பழைய ஆயில் வந்து சேராதவரை நல்ல மறுசுத்திகரித்த ஆயில் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கப்போவதில்லை.

அதனால் சர்வீஸுக்கு விடும்போது, "இறக்கின ஆயிலை யாருக்குக் கொடுக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் பிரேக் ஆயில், கூலன்ட் எதையும் அதோடு கலக்காமல் மூடியுள்ள கேனில் பிடித்து, முறையாக அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். புது ஆயில் வந்த காலி கேனை மட்டும் அப்படியே போடாதீர்கள். அதில் லூஸ் ஆயிலை நிரப்பி விற்க ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் நாலு குத்து குத்திவிட்டு, லேபிளையும் கிழித்துவிட்டுப் போடுங்கள்.