புலிக்கு வரி போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்: அக்ரிலிக் எப்படிக் காய்கிறது?

சின்னப் பிள்ளைகள் அக்ரிலிக்கில் புலி வரையும்போது சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும். உடம்பு முழுக்க ஆரஞ்சை ஆசையாக அப்பியிருப்பார்கள். அது காய்வதற்குள் கறுப்பு வரிகளை இழுப்பார்கள். கறுப்பும் ஆரஞ்சும் கலந்து அழுக்குப் பழுப்பாகிவிடும். சரிசெய்கிறேன் என்று தேய்க்கத் தேய்க்கப் புலியே காணாமல் போகும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். பெயிண்டுக்குள் நடக்கும் ஒரு வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

அக்ரிலிக் பெயிண்டில் நிறமித் தூள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தண்ணீரில் மிதக்கும் பாலிமர் துகள்களும், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக் துகள்களும் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இந்தத் துகள்களைப் பல ஆயிரம் அடுக்கலாம்; அவ்வளவு பொடி. தாளில் பூசியதும் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். துகள்கள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, பக்கங்கள் தட்டையாகித் தேன்கூட்டின் அறைகளைப் போல ஒட்டி நிற்கும். பிறகு நடுவிலிருக்கும் சுவர்களும் மறையும். பாலிமர் சங்கிலிகள் பின்னிக்கொண்டு, நிறமியை உள்ளே பிடித்துவைத்த ஒரே படலமாகிவிடும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது கரையாது. வாட்டர் கலர் அப்படியில்லை. அதில் நிறமியைப் பிடித்திருப்பது கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த பசை. ஈரம் பட்டால் மறுபடி கரைந்துவிடும்.

மோசமான கட்டம் நடுவில் வருகிறது. மேலே மெல்லிய தோல் கட்டியிருக்கும், அடியில் ஈரம் இருக்கும். அப்போது பிரஷ் பட்டால் தோல் உரிந்து திட்டுத்திட்டாக வரும். இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு எளிய வழி சொல்லித்தரலாம்: விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது. சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் அந்தக் குளிர்ச்சி. சில்லிப்பு போய்விட்டதா? சரி, இப்போது வரி போடலாம். "காயும்வரை காத்திரு" என்று பத்து தடவை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும். குழந்தைக்குக் காத்திருப்பதே ஒரு சோதனையாக, கண்டுபிடிப்பாக மாறிவிடுகிறது. மெல்லிய பூச்சு என்றால் சில நிமிடங்களே போதும். அதற்குள் அடுத்த விலங்கின் உடம்பைத் தொடங்கிவிடலாம்.

இன்னொன்று: ஈரமாக இருக்கும்போது பாலிமர் கலவை பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த நிறம் ஈர நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். யானையின் சாம்பல் நிறத்தை நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாகக் கலக்கச் சொல்லுங்கள்.

சிறுத்தைக்குக் கறுப்பு அடித்துவிட்டு மேலே மஞ்சள் பூசினால் பச்சை சாயல் தட்டும். பல மஞ்சள் நிறமிகள் ஒளியை ஊடுருவ விடுபவை. வெள்ளை பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியைப் பலமாகச் சிதறடிப்பதால் அடியில் இருப்பதை மறைத்துவிடும். மஞ்சளில் துளி வெள்ளை சேர்த்தால் போதும்.

மானின் வயிறு ஏன் வெளுப்பு என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அருமையான கேள்வி. வெயில் மேலிருந்து விழுவதால் முதுகு பளிச்சென்றும் வயிறு நிழலாகவும் இருக்கும். முதுகு அடர்ந்தும் வயிறு வெளுத்தும் இருந்தால் அந்த வித்தியாசம் குறைந்து, உடம்பின் உருட்சி கண்ணுக்கு எளிதில் தெரியாது. 1896-இல் இதை விளக்கி எழுதிய அபட் தேயர் ஓர் ஓவியர்! உருட்சியைக் காட்ட நிழல் தீட்டியே பழகியவர் என்பதால், இயற்கை அதே நிழலை அழிப்பது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

நாலைந்து வயதில் நிழலெல்லாம் வேண்டாம். நாலு காலும் ஒரே வரிசையில் நிற்கட்டும். அந்த வயதில் தெரிந்ததைத்தான் வரைவார்கள், பார்த்ததை அல்ல. அவர்கள் படத்தின்மேல் நாம் பிரஷ் வைக்கவே கூடாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ரோமம் தீட்டக் காட்டலாம்: பிரஷில் தொட்ட பெயிண்டைத் துணியில் துடைத்துவிட்டு, காய்ந்த பூச்சின்மேல் லேசாக இழுத்தால் மயிர் மயிராகக் கோடு விழும்.

அப்புறம் பிரஷ். படலம் அதன் மயிருக்குள்ளும் அப்படியேதான் கட்டும். ஈரம் இருக்கும்போதே சோப்புப் போட்டு அடிவரை கழுவச் சொல்லுங்கள். சட்டையில் பட்டாலும் உடனே அலசிவிட வேண்டும்.