வாடை வராத ஆண்டில் பனாமா வளைகுடாப் பவளங்கள்

பிப்ரவரியில், பனாமா நாட்டின் பசிபிக் கரையிலுள்ள பனாமா வளைகுடாவில் பவளக் கணக்கெடுப்புக்கு இறங்குபவர்களிடம் நான் முதலில் கேட்பது, தடித்த முக்குளிப்பு உடை இருக்கிறதா என்பதைத்தான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கும் கடலுக்கு அது எதற்கு என்று சிரிப்பார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடும்.

டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கரீபியன் பக்கமிருந்து வடக்குக் காற்று வீசும். நம் கடலோரத்தில் வாடை என்போமே, அதைப் போல. பனாமாவின் தாழ்வான நிலப்பகுதி வழியே பாய்ந்து வந்து வளைகுடாவின் மேல்நீரை வெளியே தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறது. கடல் பச்சையாகக் கலங்கும், நெத்திலி வகைகள் பெருகும், கூழைக்கடாக்களுக்குக் கொண்டாட்டம். மேற்கே அசுவேரோ தீபகற்பத்தைத் தாண்டினால் சிரிக்கி வளைகுடா. அங்கே உயர்ந்த மலைத்தொடர் காற்றை மறித்துவிடுவதால் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது.

அடிநீர் சத்து மிகுந்தது, ஆகவே பவளத்துக்கும் நல்லது என்பது கரையில் நின்று போடும் கணக்கு. அந்தச் சத்தால் கொழுப்பவை பாசியும், பவளக் கல்லைத் துளைத்துக் குடியிருக்கும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும்தான். ஏறிவரும் நீரில் கரியமில வாயு அதிகம் என்பதால் பாறைத்திட்டு இறுகிக் கெட்டிப்படுவதும் குறைவு. பொசிலோபோரா என்ற கிளைப்பவளம் இந்த மாதங்களில் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொள்கிறது. குளிர் திடீரென்று கடுமையானால், வெப்பத்தில் செய்வதைப் போலவே தன்னுள் வாழும் பாசியை உதறிவிட்டு வெளிறியும் போகும்.

இவ்வளவு தொல்லை தரும் குளிர்நீருக்குப் புகலிடம் என்று பெயர் வந்தது 1997-98 எல் நினோவுக்கு, அதாவது கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடான காலத்துக்குப் பிறகு. அப்போது சிரிக்கியில் பவளங்கள் வெளிறி மடிந்தன. பனாமா வளைகுடாவிலோ 1998 தொடக்கத்தில் குளிர்நீர் ஏறிவந்து காப்பாற்றிவிட்டது. ஆனால் 1982-83 எல் நினோவில் இதே வளைகுடாவின் பெரும்பகுதிப் பவளங்கள் செத்ததைப் பவள ஆய்வாளர் பீட்டர் கிளின் பதிவு செய்திருக்கிறார். அதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. ஆய்வாளர்கள் லூயிஸ் டி குரோஸும் ஹுவான் மாத்தேயும் 2004இல் வெளியிட்ட சோதனை இன்னும் முக்கியமானது. இரு வளைகுடாக்களின் பொசிலோபோராவையும் சூடான நீரில் வைத்துப் பார்த்தபோது, குளிர்நீர் ஏறும் பக்கத்துப் பவளமே வெப்பத்துக்கு அதிகம் துவண்டது. நிழலில் வளர்த்த நாற்றை உச்சிவெயிலில் நட்ட கதைதான்.

ஆக, இந்தப் பவளங்களின் பாதுகாப்பு காற்றை நம்பியிருக்கிறது. 2025இல் அந்தக் காற்றுதான் ஏமாற்றியது. வழக்கமாக ஜனவரி 20 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 66 நாள் நீடிக்கும் குளிர்நீர், மார்ச் 4இல்தான் தலைகாட்டியது. 12 நாளில் அடங்கிவிட்டது. வெப்பநிலை 23.3 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. மற்ற ஆண்டுகளில் 15 டிகிரி வரைகூட இறங்கியதுண்டு. காற்றின் வேகம் குறையவில்லை, வீசிய தடவைகள்தான் குறைந்துவிட்டன. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம் அங்கே 40 ஆண்டுகளாக நீரை அளந்துவந்ததால் இது தெரிந்தது. குளிர்நீர் ஏறும் வெப்பமண்டலக் கடல்கள் பலவற்றில் இப்படி இடைவிடாமல் அளக்க ஆளில்லை.

அதனால் பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் காட்டும் ஆழம், வெப்பநிலை, தேதி மூன்றையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். வெளிறிய பவளத்தின் படம் மட்டும் வந்தால், அது சூட்டில் வெளிறியதா, குளிரில் வெளிறியதா என்று எங்களால் சொல்ல முடிவதில்லை.