தோடு செய்து விற்கிறீர்களா? பீ.ஆர். எடுக்க ஓடுவதற்கு முன்

திருகோணமலையில், எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை செப்புக் கம்பியில் தோடும் பென்டனும் செய்கிறாள். 20 கேஜ் கம்பியை வளைத்துச் சட்டம், அதன்மேல் அதைவிட மெல்லிய 28 கேஜ் கம்பியால் நெருக்கமாகச் சுற்று, நடுவில் ஒரு கண்ணாடி மணி. போன ஆவணியில் ஒரு ஹோட்டல் கடை அவளிடம் பொருள் எடுத்துவிட்டு, அவள் பேஸ்புக்கில் போட்டிருந்த கடைப் பெயருக்குச் செக் எழுதிக் கொடுத்தது. அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. கணக்குத் திறக்க வங்கியில் வியாபாரப் பெயர்ப் பதிவு, அதாவது பீ.ஆர்., கேட்டார்கள். பதிவுக்காக ஐந்து தரம் அலைந்தாள். பத்திரம் கைக்கு வருவதற்குள் செக் செல்லுபடியாகிற ஆறு மாதம் முடிந்துவிட்டது.

சொந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் அவளுக்கு அந்தப் பதிவு அப்போது தேவைப்பட்டே இருக்காது என்பதுதான் எனக்கு எரிச்சல். சட்டம் 1918ஆம் ஆண்டு வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். அதன் சாரம் சின்னது: உங்கள் சொந்த முழுப்பெயர் அல்லாத வேறொரு பெயரில் வியாபாரம் செய்தால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே நாலு தோடு விற்பவருக்கு இந்தப் பதிவு வேண்டாம். செக்கை அடையாள அட்டையில் இருக்கிற பெயருக்கு எழுதச் சொல்லியிருந்தால் அன்றைக்கே காசாகியிருக்கும். கடைப் பெயர் போட்ட அட்டை, பெட்டி, கணக்கு எல்லாம் வேண்டும், பெரிய இடங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் சரி, பதியுங்கள்.

பதிவது பிரதேச செயலகத்தில். எந்தச் செயலகம் என்பதில்தான் முதல் அலைச்சல். தொழில் நடக்கிற இடம் எந்தப் பிரிவில் இருக்கிறதோ அங்கே. உப்புவெளி என்றால் பட்டினமும் சூழலும், நிலாவெளி என்றால் குச்சவெளி. வீடு ஒரு பக்கம், தட்டுப் போடுவது இன்னொரு பக்கம் என்றால் விண்ணப்பத்தில் எந்த விலாசத்தை எழுதப்போகிறீர்கள் என்று முதலே முடிவு செய்யுங்கள். வீட்டில் இருந்து செய்பவர் வீட்டு விலாசத்தையே கொடுப்பது சுகம்.

அப்புறம் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். அவர் எல்லா நாளும் கந்தோரில் இருக்க மாட்டார், இருக்கிற நாட்களிலும் கூட்டம் என்று போய்விடுவார். போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது செய்த தோடு இரண்டும் குறடும் கம்பிச் சுருளும் கையில் இருக்கட்டும். “என்ன நகை? தங்கமா?” என்ற கேள்விக்கு ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்வதைவிட அது வேகம்.

ஆட்களைத் திருப்பி அனுப்புகிற உண்மையான இடம் காணிப் பத்திரம். காணி உறுதி அல்லது சோலைவரிப் பற்றுச்சீட்டு கேட்பார்கள். எங்கள் ஊரில் எத்தனை வீட்டுக்கு உறுதி, குடியிருப்பவரின் பெயரில் இருக்கிறது? அம்மம்மா பெயரில் இருக்கும், அம்மம்மா கனடாவில் இருப்பார். இதைக் கேட்டதும் ‘உறுதியை மாற்றிக்கொண்டு வாங்கோ’ என்று ஒருவர் சொல்லுவார். நம்பி நொத்தாரிசிடம் ஓடாதீர்கள். ஒரு சோடித் தோட்டுக்காக யாரும் காணி மாற்றுவதில்லை. இந்த விலாசத்தில் இன்ன தொழில் செய்ய எனக்கு ஆட்சேபனை இல்லை என்று உரிமையாளர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்து, இது போதுமா என்று கேளுங்கள். வாடகை வீடென்றால் உடன்படிக்கைப் பிரதியும் சேருங்கள்.

அடுத்த பொறி ‘தொழிலின் தன்மை’ என்கிற ஒரு வரி. அந்தப் பிள்ளை அதில் ‘நகை வியாபாரம்’ என்று எழுதினாள். உடனே இரத்தினக்கல் அதிகாரசபை அனுமதி எங்கே என்று கேள்வி வந்தது. ‘செப்புக் கம்பி, கண்ணாடி மணி கொண்டு கைவினை அலங்காரப் பொருட்கள் செய்து விற்றல்’ என்று மாற்றி எழுதிய பிறகுதான் தாள் நகர்ந்தது. செய்வதை அப்படியே எழுதுங்கள், கூட்டியும் வேண்டாம் குறைத்தும் வேண்டாம். நிஜமாகவே இரத்தினக் கற்களைத் தனியாக வாங்கி விற்கிறீர்கள் என்றால் கதை வேறு. அதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கடற்கரையிலோ கோணேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியிலோ தட்டுப் போட பீ.ஆர். போதாது. இடத்துக்கான அனுமதி உள்ளூராட்சி சபையிடம். பத்திரத்தைக் காட்டினால் எழுப்ப மாட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு எழும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

‘நாளைக்கு வாங்கோ’ என்பதற்கு மருந்து ஒன்றுதான்: என்ன குறைகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் நீங்களே ஒரு கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல. பிறகும் அசையவில்லை என்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ், என் விண்ணப்பம் எந்த மேசையில், ஏன் நிற்கிறது என்று தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கேள்வி போன கையோடு கோப்பு கிடைத்துவிடுவதும் உண்டு.

வாசலில் நிற்கிற ‘எடுத்துத் தாறன்’ ஆட்களிடம் அடையாள அட்டைப் பிரதி கொடுக்காதீர்கள். கட்டணத்தைக் காசாளரிடம் நீங்களே கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பொருள் பற்றி இரண்டு எச்சரிக்கை. வெள்ளி பூசிய செப்புக் கம்பியை ‘வெள்ளி’ என்று விற்காதீர்கள். வாங்குபவரை ஏமாற்றியதாக 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் மாட்டுவீர்கள். அதே சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். மற்றது, புறாத்தீவு கடல்சார் தேசிய பூங்கா. அங்கே பொறுக்கிய முருகைக்கல்லைத் தோட்டில் வைத்தால் வனசீவராசிகள்காரர் பீ.ஆர். இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வரி என்றதும் பயப்படுகிறார்கள். வரி இலக்கம் எடுப்பது வரி கட்டுவது ஆகாது. 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் உண்டு, அதாவது அதுவரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதினால் போதும், கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.

விலைதான் பெரிய கண்ணீர். அந்தப் பிள்ளை ஒரு சோடியை 400 ரூபாய்க்குக் கொடுத்தாள். கம்பி, மணி, கொளுக்கி 180 ரூபாய், பெட்டிக்கு 40, ஒன்றரை மணித்தியால வேலை. வேலைக்கு விலை போட ஒரு அளவுகோல் இருக்கிறது: 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய், எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 150. அப்போ வேலைக்கு 225. மொத்தம் 445. அவள் ஒவ்வொரு சோடிக்கும் 45 ரூபாய் தன் கையில் இருந்து கொடுத்திருக்கிறாள். கடை நூற்றுக்கு 40 எடுக்கிறது என்றால் 750க்கு விற்றாலும் கைக்கு வருவது 450. ஆயிரத்துக்குக் கிட்டப் போடாமல் கடைக்குக் கொடுக்காதீர்கள். ‘விற்றால் காசு’ என்று வைத்துவிட்டு வருவதானால் எத்தனை சோடி, என்ன விலை, எப்போது கணக்கு என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கடைக்காரரின் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தச் செக்? காலம் கடந்ததை எழுதியவரிடம் கொடுத்துப் புதிதாக வாங்கலாம். ஆனால் அப்போது சீசன் இல்லை, கடை பூட்டு. மே மாதம் திறந்தபோது மனேஜர் வேறு ஆள். பொருள் எடுத்ததற்குக் கையெழுத்திட்ட துண்டு அவளிடம் இருந்தது. அதைக் காட்டி வாங்கினாள், இந்த முறை தன் சொந்தப் பெயரில்.